மவுஸ் வச்சாதான் தெரியுமா?

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மகளை இழந்து முன்வரிசையில் இருக்கும் பியாட்ரிஸ் அம்மா அவர்களே, தி.நகர் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு இந்த சாந்தோம் மண்டபத்துக்கு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நான் துரைராஜ். போன வாரம் மாரடைப்பில் நம்மைவிட்டுப் போன முதுநிலைப் பொறியாளர் ஜொவிட்டா அவர்களின் பக்கத்து நாற்காலிக்காரன். அவர் செய்த வேலை என்ன? இணையதளத்தில் மவுஸைக் கொண்டுபோனால் மெனு விரியும். ஒரு பிரவுசரில் ஒழுங்காக விரிவது, இன்னொன்றில் சட்டென்று மூடிக்கொள்ளும். அதை எல்லாவற்றிலும் நிற்க வைத்தார். இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரித்தவர்கள் உண்டு. வேலைதான் ஐயா! பெரிய வேலை!

சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்ட குடும்பங்கள் வீட்டுக் குறைகளைப் பதிவு செய்ய ஒரு தளம் கட்டினோம். எங்கள் அறையில் அருமையாக ஓடியது. ஜொவிட்டா நம்பினாரா? நேரே அந்தக் குடியிருப்பின் பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கே குடியிருக்கும் செண்பகம் அம்மாவிடம் மவுஸைக் கொடுத்தார். 'புகார்' என்ற சொல்லை எட்டுவதற்குள் மெனு மூடிக்கொண்டது. மறுபடியும் அதே கதை.

"இன்னா மேடம் இது, கைல மாட்டாம ஓடிக்கினே கீது? எங்க வூடு ஒழுவுது, நான் யாராண்ட போய்ச் சொல்றது?"

நாளைக்கே திறப்பு விழா என்று, தளத்தைக் கட்டச் சொன்ன வாடிக்கையாளர் குதித்தார். ஜொவிட்டா அசையவில்லை! மெனுவுக்கும் அதன் உள்பட்டியலுக்கும் நடுவே மவுஸ் நழுவிய இடைவெளியை அடைத்தார். தொட்டாலும் திறக்கும்படி செய்தார். "மவுஸ் வச்சாதான் தெரியுமா? போன் மட்டும் இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க துரை?" என்று என்னையும் ஒரு பிடி பிடித்தார். விழா தள்ளிப்போனது. தளத்தில் ஏறிய முதல் புகார் செண்பகம் அம்மாவுடையது. அவர் வீடு இன்று ஒழுகவில்லை. அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார்.

இன்று காலை எங்கள் அலுவலகத்து நிஷா அழுதுகொண்டே ஓர் அஞ்சலிப் பக்கம் செய்தார். படத்தின்மேல் மவுஸ் வைத்தால் பெயர் மெல்லத் தோன்றும். அடடா, அழகு என்றோம். பியாட்ரிஸ் அம்மா தன் போனில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போட்டோ இருக்குப்பா. எம் பொண்ணு பேரைக் காணோமே?"

தூக்கிவாரிப் போட்டது. ஜொவிட்டாவிடம் வேலை கற்ற நாங்களா இப்படி! இந்த மண்டபத்து வாசற்படியிலேயே நிஷா லேப்டாப்பைத் திறந்தார். ஒரு பிரவுசர் விடாமல் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தோம்.

ஜொவிட்டா அவர்களே! இனி எங்கள் கையிலிருந்து போகும் எந்தப் பக்கமும் யாரிடமும் எதையும் ஒளிக்காது. இது உங்கள் நாற்காலி மேல் ஆணை.

அம்மா, இப்போது போனைப் பாருங்கள். பெயர் இருக்கிறது. தொடக்கூட வேண்டாம்.