மூலையில் இருந்த எழுத்து

ஒரு படத்தின் மூலையில் வேறொருவன் பெயர் இருந்தால் கண் முதலில் அங்கேதான் போகும், சார். எனக்கு அது பிடிக்காது.

அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் என் வீடு. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மற்ற நேரத்தில் ஃபேஸ்புக்கில் 'ஏரிக்கரைச் செய்திகள்' என்ற பக்கத்தை நடத்துகிறேன். தண்ணீர் லாரி எப்போது வரும், எந்தத் தெருவில் கரன்ட் இல்லை, யார் வீட்டு நாயைக் காணவில்லை என்பதெல்லாம் அதில் வரும். வெற்றிச்செல்வன் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்வார்கள்.

எல்லாப் படத்தையும் நானே எடுக்க முடியாது. சேனல்களில் வந்ததை எடுத்துக்கொள்வேன். அதில் அவர்கள் லோகோ இருக்கும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது. அதனால் ஒரு டூல் அமைத்தேன். ஃபோல்டரில் படத்தைப் போட்டால் போதும், லோகோ எங்கே இருக்கிறது என்று அதுவே கண்டுபிடித்து அழித்துவிடும். பின்னால் வானம் இருந்தால் வானத்தையும் சுவர் இருந்தால் சுவரையும் அந்த இடத்தில் நிரப்பும். பிறகு நம் லோகோவை வைத்துப் பக்கத்தில் ஏற்றிவிடும். ஆரம்பத்தில் கடைப் பலகைகளைக்கூட அழித்தது. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

பிள்ளை பிடிப்பவன் படமும் அப்படித்தான் வந்தது. சில வருடங்களுக்கு முன்னால் வடக்கே எங்கேயோ பிடிபட்ட ஆள். படத்தின் கீழே இந்தியில் ஊர்ப் பெயரும் தேதியும் இருந்தன, மூலையில் சேனல் லோகோ. டூல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு தாடிக்காரனும் அவன் பின்னால் ஒரு சுவரும். சுவர் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். 'நம்ம ஏரியாவில் நடமாட்டம், பெற்றோர் கவனம்' என்று மேலே எழுதினேன். கவனமாக இருங்கள் என்று சொல்வதில் தப்பில்லை.

என் மனைவி மோகனப்பிரியா அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க இது? இந்தி எழுத்தோட இதே போட்டோ போன வாரம் எனக்கு வந்துச்சே. இந்தாளு நம்ம ஊரே கெடையாது."

"ஜாக்கிரதையா இருக்கட்டும்னு போட்டேன். அதுல இன்னா கீது?"

"எவனாச்சும் அப்பாவி மாட்டிகினா இன்னா பண்ணுவீங்க? எடுத்துடுங்க."

அதற்குள் பூந்தமல்லி வரைக்கும் போயிருந்தது. என் பக்கத்தில் எந்தப் பதிவும் அவ்வளவு தூரம் போனதில்லை. மறுநாள் எடுக்கலாம் என்று விட்டேன். மறுநாள் ஆவடிக்காரர்களும் பகிர ஆரம்பித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரையில் கூட்டம் என்று போன் வந்தது. போனால், ஒரு பெரியவரை விளக்குக் கம்பத்தில் கட்டி வைத்திருந்தார்கள். பெயர் ஜெயராமன். ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் சித்ரா புதிதாகக் குடிவந்த வீட்டைத் தேடி வந்திருக்கிறார். வழி தெரியாமல், விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம் கேட்டிருக்கிறார். கையில் பேரனுக்கு வாங்கிய பிஸ்கட் பாக்கெட். அவருக்கும் தாடி இருந்தது.

"எம் பொண்ணு ஊடு இங்கதான்பா கீது. இட்டுனு போய் கேட்டுப் பாருங்கப்பா," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போனதும் ஒரு படம் எடுத்து, அங்கிருந்தே ஃபோல்டருக்கு அனுப்பினேன். அவர் தலையைக் குனிந்திருந்ததால் முகம் விழவில்லை. பழைய காக்கிச் சட்டை போட்டிருந்தார். பாக்கெட்டின் மேல் டெப்போ சின்னம் தைத்திருந்தது. டூல் அதையும் லோகோ என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்தைக் காக்கித் துணியாகவே நிரப்பியிருந்தது. மடிப்புகூடச் சரியாக வந்திருந்தது. சித்ரா தன் வீட்டிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். கீழே 'விடாதீங்க' என்று எழுதியிருக்கிறார். சட்டையில் அந்தச் சின்னம் இருந்திருந்தால் அப்பா என்று தெரிந்திருக்கும், ஓடி வந்திருப்பேன் என்று உங்களிடம் சொன்னாராம். அது டூலில் உள்ள ஒரு சின்னக் குறை. திருத்திவிடலாம்.

பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

நான் அங்கே வாயே திறக்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, சார். கட்டி வைத்தவர்கள் உடனே அடித்துவிடவில்லை. அவர் பேசியதைக் கேட்டு அவர்களுக்கே ஒரு தயக்கம் வந்திருந்தது. எங்கள் தெருவுக்கு வாட்டர் கேன் போடும் தேவராஜ், போனில் அந்தத் தாடிக்காரன் படத்தைத் திறந்து என்னிடம் நீட்டினான்.

"அண்ணாத்தே, நீ போட்ட ஆளு இவன்தானா? கரெக்டா பாத்துச் சொல்லு. இல்லன்னா அவுத்து வுட்டுடலாம். வயசான ஆளா வேற கீறாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெயராமனும் தலையை நிமிர்த்தி என்னைத்தான் பார்த்தார். தனக்குத் தெரிந்தவன் ஒருவன் வந்துவிட்டான் என்பது போல அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இல்லை என்று சொன்னால், அப்புறம் அந்தப் படத்தில் இருப்பவன் யார் என்று கேட்பார்கள். எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்பார்கள். அதன் பிறகு தண்ணீர் லாரி வருகிறது என்று போட்டால்கூட யாரும் குடத்தை எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள்.

"இவன்தான்" என்றேன்.

நான் அவர் மேல் கை வைக்கவில்லை. கொஞ்சம் தள்ளித்தான் நின்றிருந்தேன். இங்கே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்ததிலிருந்து அந்த இரண்டு முகத்தையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சார். காது மட்டும் ஓரளவுக்கு ஒத்துத்தான் போகிறது.