மூக்கடைத்த வாரம்

“தினமும் என் தும்மலுக்கு நானே மார்க் போட்டு எழுதுவேங்க” என்ற குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்து. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சொன்னவருக்கு ரைஸ்மில்லில் தவிடு அள்ளும் வேலை. மற்றவர் அவருக்குப் பேருந்தில் பழக்கமானவர்.

“மார்க் எதுக்கு?”

“மூக்கு அலர்ஜிக்குப் புது மாத்திரை எப்படிக் கேக்குதுன்னு ஆஸ்பத்திரியில சோதிச்சுப் பாத்தாங்க. நானும் சேந்தேன். தும்மல் எவ்வளவுன்னு தினமும் மார்க் போட்டுக் குடுக்கணும். அதுக்கு முன்னாடி, பழைய மருந்து உடம்புல தங்கக் கூடாதுன்னு, வழக்கமா போடுற மாத்திரைய ஒரு வாரம் நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்துனதும் மூக்கு சுத்தமா அடைச்சுக்கிச்சு.”

“ம்.”

“அந்த வாரந்தான் நாத்தனார் வந்திருந்தா. காலையில அடுப்படியில நின்னு அரிசி களைஞ்சேன். கேஸ் கசிஞ்சிருக்கு, எனக்கு வாசனையே தெரியல. தண்ணி புடிக்க வெளிய வந்தேன். அவ டீ போடுறேன்னு உள்ள போயி பத்த வச்சா.”

“பொழைச்சாங்களா?”

“நாலு நாள் இருந்தா.”

பேருந்து வடுவூரைத் தாண்டியது. பிறகு மற்றவர், ஏதாவது கேட்க வேண்டுமே என்பதுபோல் கேட்டார்.

“அந்தப் புது மாத்திரை கேட்டுச்சா?”

“நல்லா கேக்குதுங்க. இப்ப எல்லா வாசனையும் தெரியுது. ரெண்டு தடவ வெள்ளையடிச்சாச்சு. அடுப்படியில அந்தத் தீஞ்ச வாடை மட்டும் போகல.”