மச்சானின் மூச்சில் ஒரு லூப்

இந்த நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது ஐயா. மேடையில் கருவிகள் மேல் குனிந்தே நிற்கிற தொழிலில் முதுகுதான் முதலில் போகும்.

லூப் என்றால் என்னவென்று கேட்டீர்கள். ஒரு துண்டு ஓசையைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது, அவ்வளவுதான். ஓடவிட எந்த மடையனுக்கும் வரும். அதை மாற்றத் தெரிய வேண்டும். ஒரு சுற்றில் ஓர் அடியை உருவிவிடலாம். வேகத்தைப் பாதியாக்கலாம். கனத்த ஒலியை வடித்துவிட்டு, ஜனங்கள் ஏங்குகிற நேரத்தில் திரும்பக் கொட்டலாம். இதையெல்லாம் பழகி முடிப்பதற்குள் எனக்குத் தலைமுடி கொட்டிவிட்டது.

மச்சான் பாடுவான், அவன் குரலை நான் லூப் போடுவேன். என் மனைவியின் தம்பி. தங்கமான பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம். போன கச்சேரி முடிந்ததும் அத்தனை பேர் நிற்கையில் என் தோளைத் தட்டி, "அரைச்ச மாவையே அரைக்கிறீங்களே மாமா, கை வலிக்கலையா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் வன்மம் வைக்கிற ஆள் இல்லை.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா, புகை ஆகாது. நேற்று மேடைக்குப் புகை வேண்டும் என்று கேட்டவன் நான்தான். விளக்கு வெளிச்சம் எடுப்பாகத் தெரியும் அல்லவா? கிளம்பும்போது மனைவி, "அவன் பையில இன்ஹேலர் இருக்கான்னு பாத்துடுங்க, சரியான மறதிக்காரன்" என்றாள். "பாத்துட்டேம்மா" என்றேன். பொய் இல்லை. பார்த்தேன், எடுத்தேன், என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அதுதான். தலைவலிக்கிறது என்றாள், அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

இரண்டாம் பாட்டில் இருமினான். பிறகு மூச்சோடு ஒரு விசில் வந்தது. அடடா, என்ன சுருதி. பிடித்து ஓடவிட்டேன். அவன் மண்டியிட்டான், கை தட்டினார்கள். எங்கள் ரசிகர்கள் விஷயம் தெரிந்தவர்கள், மேடையில் எவன் விழுந்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். என் பக்கம் கையை நீட்டி, "மாமா... மருந்து..." என்றான். அதையும் பிடித்தேன். மருந்தை உருவிவிட்டு மாமாவை மட்டும் பாதி வேகத்தில் விட்டேன். மூச்சைப் பின்னோக்கி ஓட்டினேன். உள்ளே போகாத காற்று தாராளமாகப் போவது போலக் கேட்டது. அவன் அசையாமல் கிடந்த பிறகும் அரங்கம் முழுக்க அவன்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். யாரும் மேடைக்கு ஓடி வரவில்லை, தட்டுவதற்குத்தான் எழுந்தார்கள்.

ஆமாம் ஐயா, நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் இல்லை, அவன் சொன்னதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன், இது கலைக்காக.

ஒரே ஒரு வேண்டுகோள். நேற்றைய கச்சேரிப் பதிவை நீதிமன்றத்தில் போடுவீர்கள் அல்லவா? தயவுசெய்து முழுதும் போடுங்கள். முதல் சுற்றோடு நிறுத்திவிட்டால், அரைத்த மாவு என்று அவன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.