கறைக்குப் பச்சத்தண்ணிதான்

சுடுதண்ணியா? அல்லாவே, வேணாம் மிஸ். சுடுதண்ணி பட்டா கறை நூலோட இறுகிரும். பச்சத்தண்ணிதான், கொஞ்சம் உப்பு. துணியால ஒத்தி ஒத்தி எடுக்கணும், தேய்க்கப்படா. ஓம், இந்த மூலையில லேசாத் தெரியிறதத்தானே கேக்கிறீங்க. நல்ல கண் ஒங்களுக்கு. சாயம் இல்ல மிஸ், ரத்தம். என்ட ராத்தா சுல்பிகாட ரத்தம், நான் அவட தம்பி. தரையில விரிக்கிற இந்தக் காப்பட்டக் கையால பின்னினதும் அவதான்.

எழும்பாதீங்க, இரிங்க. ஒங்கட வேன்காரர் கல்முனையில சாப்பிட்டுட்டு வரட்டும். ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கை காட்டப் போயிரிக்கா, வரப் பின்னேரமாகும். அதுக்குள்ள நீங்க வாங்கிட்டுப் போற இத எப்பிடி வச்சிப் பாக்கிறெண்டு சொல்லித்தாறன்.

தூசி தட்டுறெண்டா கொடியில போட்டு, பின்பக்கத்தக் கையால தட்டணும். மட்டையால அடிக்கப்படா, முடிச்செல்லாம் அறுந்திரும். இத நான் றினாஸ் மச்சானுக்கு, அதான் ராத்தாட மாப்பிளைக்கு, எத்தின தரம் சொன்ன! தென்னமட்டையத் தூக்கினாரெண்டா காப்பட்டுக்கு ரெண்டு, ராத்தாக்கு எட்டு. எப்பிடிக் கத்துவார் தெரியுமா? இந்தா. அடியேய் சுல்பிகா! இது காப்பட்டா, மாடு படுக்கிற சாக்கா? கழுதட மகளே!

ஹா ஹா, பயந்திட்டீங்க! எனக்கு எல்லாற்ற குரலும் வரும் மிஸ். பெரியநீலாவணையிலருந்து மீன் கொண்டு வாற தங்கரத்தினம் அண்ணன்: சூடை, சூடேய், துடிக்கிற சூடேய்! ஒரு நாள் இப்பிடிக் கத்தினன். தெருப் பொம்புளையெல்லாம் சட்டியோட வந்து நிக்கிறாங்க, மீனும் இல்ல, மீன்காரனும் இல்ல. செருப்பால அடி உழுந்திச்சு. அடி உழுந்தாலும் அது சோக்கான பகிடி.

வெயில்ல காயப் போடாதீங்க, சாயம் வெளிறிரும். நிழல்தான்.

அது அவர்ர ஊடா எண்டா கேக்கிறீங்க? அங்கதான் பிழையே. எங்கட பக்கம் ஊடு பொம்புளைக்குத்தான் மிஸ், மாப்பிளதான் வந்து ஏறுற. உம்மாட ஊடும் ராத்தாட பேருலதான் இருந்திச்சு. சுனாமி ஊட்டையும் எடுத்திச்சு, உம்மாவையும் எடுத்திச்சு. நாலாம் நாள் தறிக்கட்டைக்குள்ள சிக்குண்டு கிடந்தா, காலொண்டு இல்ல. எனக்கு அப்ப பதினொண்டு. மறுகா புது ஊடு குடுக்கக்குள்ள, கடுதாசியில குடும்பத் தலைவர் பேரு எண்டு ஒரு கோடு. மச்சான் தன்ட பேர எழுதினார். ஒரு கோடுதானே எண்டு நாங்களும் பாத்துக்கிட்டு நிண்டம். அண்டையிலருந்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு பாட்டு. என்ட ஊடு! என்ட ஊடு! என்ட ஊட்டுல இரிந்து திங்கிறாய்!

கறை பட்ட நாளா? நாட்டுல யுத்தம் முடிஞ்ச நாள், இந்த வைகாசி. றோட்டு நெடுக வெடி கொளுத்துறாங்க. மச்சான் கதவச் சாத்தினார். வெளிய ஒரு வெடி, உள்ள ஒரு அடி. தடுக்கப் போன என்னச் சுவரோட சேத்து அடிச்சார். இந்தா, இந்தப் பல்லு பாதிதான் இரிக்கி. ராத்தாட நெத்தி பிளந்து ரத்தம் காப்பட்டுல ஊத்துது. ஒருத்தருக்கும் கேக்கல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் இரிக்கிற சபியா உம்மா பின்னேரம் எட்டிப் பாத்து, மனே, நீங்களும் வெடி வாங்கினீங்களா, சத்தமா இருந்திச்சே எண்டு கேக்கிறா.

மடிக்காதீங்க மிஸ், சுருட்டுங்க. மடிச்சா அந்த மடிப்புலயே நூல் தேஞ்சிரும்.

போன மாசம்தான் கை போச்சு. பகல் லுஹர் தொழுதிட்டு வந்தார். சோத்துக்கு ஊத்தின ஆணத்துல உப்புக் கூடிட்டாம். ராத்தாட கையப் பின்னால மடக்கி, கம்பு முறிக்கிற மாதிரி முறிச்சார். மறுகா அதே ஆணத்தத் திண்டுட்டுப் படுத்தார். கொஞ்ச நேரத்தால ஊட்டுக்குள்ளருந்து அவர்ர சத்தம் தெருவுக்கே கேக்குது. சுல்பிகா, உன்னத் தலாக் சொல்லிட்டன்! தலாக்! தலாக்! சபியா உம்மா தலையில கைய வச்சிக் குழறினா. ஆக்கள் கூடிட்டாங்க. மச்சான் சாரத்தப் பிடிச்சிக்கிட்டு ஓடி வாறார். நான் சொல்லல்ல, வல்லாஹி, நான் நித்திர! ஆறு வருஷமாக் கத்தின மனிசன், ஆர் நம்புற?

நாளைக்கு, எங்கட கலியாண வழக்குப் பாக்கிற காதியார் முடிவு சொல்றார். தலாக் உழுந்திட்டெண்டா ராத்தா தப்பிட்டா. ஊடு போனாப் போகட்டும், உம்மாட வளவுல இந்தக் கொட்டில் இரிக்கி, தறி இரிக்கி. உழல்லெண்டா அவ திரும்பி அந்த ஊட்டுக்குப் போகணும். சந்தியில நிண்டு மச்சான் என்ன சொன்னாராம் தெரியுமா? வரட்டும், மத்தக் கையும் இரிக்கி.

ஏன் மிஸ் அப்பிடிப் பாக்கிறீங்க?

ஓம். நான்தான். சாமான் அறைக்குள்ள நிண்டு, வாயச் சன்னலுக்கு நேரா வச்சி. சிரிங்க மிஸ், ஏன் சிரிக்கிறீங்க இல்ல? இவ்வளவு பெரிய பகிடிய உட்டுட்டு ஒருத்தருக்கும் சொல்லேலாம ஒரு மாசமா வயிறு வெடிக்கப் பாக்குது. ஊருல மூச்சு உடேலா. நீங்கெண்டாக் கொழும்புக்குப் போற ஆள்.

ராத்தாக்குத் தெரியாதோவா? நல்ல கேள்வி. எனக்கு எங்க மிஸ் அவ்வளவு மூளை! வெடி வெடிச்ச கிழமையே அவதான் கூப்பிட்டு, தம்பி, உனக்கு அவர்ர குரல் வரும்தானே எண்டா. இந்தக் கொட்டிலுக்குள்ள வச்சி நாலு நாள் பழக்கினா. மறுகா அவர் அடிக்கிற ஒரு பகலுக்குக் காத்திருந்தம். பழக்கக்குள்ள கத்திக் கத்திக் காட்டுறன், அவ தலைய ஆட்டுறா. இல்லடா, இன்னும் நீதான் கத்துறாய் எண்டா. கோவம் வந்திட்டு எனக்கு, ஊரே ஏமாறுற குரல்! மறுகா சொல்றா, கத்துறத்துக்கு முந்தி மூக்கால ஒரு மூச்சு இழுப்பார், அத உட்டுட்டாய் எண்டு. அப்பிடி ஒரு மூச்சு இரிக்கிறது எனக்கே தெரியாது மிஸ். இழுத்திட்டுக் கத்தினன்.

ராத்தாட ரெண்டு கையும் தானாப் போய் முகத்த மூடிட்டு.

மறுகா கைய எடுத்திட்டு, சரி, இது போதும் எண்டா.