இருபதாவது தாள்

...காபியாவது குடிங்களேன், ஓஸ்மோ. உங்களுக்கு முன்னாடி பத்தொம்பது பேர் இந்த நாற்காலியில உக்காந்தாச்சு. ஒருத்தர்கூட ஒரு வாய் குடிக்கல. ஏலக்காய் பன்னை மட்டும் முழுங்கிட்டுப் போறாங்க. எங்க அக்கா வீட்டுல இப்படிக் காபியைத் தொடாம எழுந்து போனா, அவ ஆறு மாசம் பேச மாட்டா. சரி, இது ஆஸ்பத்திரி. ஆனா நான் காகிதக் கப்புலயா தர்றேன்? என் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கப்பு, சாசரோட. அதுவும் விளிம்பு வரைக்கும் ஊத்தறேன். குறைச்சு ஊத்தினா இந்த குவோப்பியோ ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?

எங்க விட்டேன்... ஆங், தாள். பயப்படாதீங்க, நான் டாக்டர் இல்ல. என் பேரு ஹில்க்கா, மொழிபெயர்க்கிறவ. கைநடுக்கம் இருக்கிறவங்களுக்கு அதனால எவ்வளவு கூச்சம்னு அளக்கிற கேள்வித்தாள் இது. இங்கிலீஷ்ல இருந்து நம்ம பாஷைக்குக் கொண்டுவர எனக்கு மூணு வருஷம் ஆச்சு. நான் மாத்தினதை இன்னொருத்தர் திரும்ப இங்கிலீஷுக்கு மாத்துவாராம், ரெண்டையும் ஹெல்சிங்கி கமிட்டி வச்சுப் பாக்குமாம். அந்தக் கூத்தும் முடிஞ்சுது. இப்போ இருபது பேர்கிட்ட எழுதி வாங்கணும். நீங்கதான் கடைசி.

"தெரியாதவங்க முன்னாடி சாப்பிடக் கூச்சமா?" பத்தொம்பது பேரும் 'ஒருபோதும் இல்ல'. ஏன்னு கேட்டா, "நான் எதுக்குத் தெரியாதவங்களோட சாப்பிடணும்?"ங்கிறார் ஒருத்தர். நியாயம்தான். "பஸ்ல பக்கத்துல இருக்கிறவர் உங்க கையைப் பாக்கறாரா?" "பக்கத்துல யாரு வந்து உக்காருவா?" அதுவும் நியாயம். சரின்னு நம்ம ஊருக்குத் தோதா மாத்தினேன். சர்ச் ஹால்ல, சாவுக்கு வந்த இடத்துல காபி குடிக்கக் கூச்சமா? இல்லவே இல்லியாம்.

இதுல இன்னொரு கொடுமை. ஒப்பிட்டுப் பாக்கறதுக்குன்னு கை நடுக்கமே இல்லாத இருபது பேருக்குத் தபால்ல அனுப்பினோம். வீட்டுல உக்காந்து எழுதி அனுப்பிட்டாங்க. அத்தனை பேரும் 'எப்போதும்'. மேல்மாடி நர்ஸ் ஒருத்தி, பாறை மாதிரி கை, "லிஃப்டுல வணக்கம் சொல்லவே கூச்சம்"னு ஓரத்துல எழுதியிருக்கா. கமிட்டி கேக்குது, உங்க ஊர்ல நடுக்கம் இருக்கிறவங்களுக்குக் கூச்சமே இல்ல, இல்லாதவங்கதான் கூச்சத்துல செத்துக்கிட்டு இருக்காங்களான்னு.

உங்க தாளும் இப்படியே வந்தா என் மொழிபெயர்ப்பு குப்பைக்குப் போயிரும். என்னை விடுங்க. நாளைக்கு ஒருத்தர் இந்தக் கையை வச்சுக்கிட்டு மகள் கல்யாணத்துக்கே போகாம இருந்துட்டார்னா, அதைக் கேக்க டாக்டர்கிட்ட ஒரு தாள் இருக்காது. கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் பெருசா இல்லன்னு அனுப்பிடுவார். அதனால உள்ளதை எழுதுங்க. நான் பாக்கல.

...பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், பின்ன? பக்கத்துல இருந்தாத்தானே சந்தேகம் கேப்பீங்க. எல்லார் பக்கத்துலயும் இப்படித்தான் உக்காந்தேன். எதுக்கு இடது கையைத் தொடைக்கு அடியில வச்சிருக்கீங்க? குளிருதா? அதுக்குத்தான் சொல்றேன், காபி சூடா இருக்கு. நாற்பது வருஷம் மரம் ஏத்தற லாரி ஓட்டின ஆளு, கறுப்புக் காபி குடிக்காமலா ஓட்டினீங்க?

முடிச்சிட்டீங்களா? அதுக்குள்ள கோட்டு போட்டாச்சா... இருங்க, பாத்துடறேன். இல்ல... இல்ல... ஒருபோதும் இல்ல. நீங்களுமா, ஓஸ்மோ? பாருங்க, நான் மூணு வருஷமா... கீழ என்ன, ஏதோ கிறுக்கியிருக்கீங்க. எழுத்து கோணலா ஓடியிருக்கு. 'பாதிக் கப்பு... ஊத்தியிருந்தா... குடிச்சிருப்பேன்.'

ஓஸ்மோ?

...போயிட்டாரு.

இருபது பேருக்கும் விளிம்பு வரைக்கும் ஊத்திட்டு, வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இந்தக் கப்பைத் தூக்கினா... அட, எனக்கே சிந்துதே.