காபி கிடைக்காத அரண்மனை

அந்த ஹோட்டலில் காபி கிடையாது. முதல் தடவை வருகிறவர்களுக்கு அதுதான் பெரிய குறை. காலையில் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக வந்து நின்று, சுக்குமல்லித் தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டு, வீட்டில் ஏதோ துக்கம் நடந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். நான் ஒரு நாளும் குறைபட்டதில்லை. பழைய காலத்துப் பாளையக்காரர் அரண்மனையில் ஃபில்டர் காபி ஏது?

இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பா அவர்கள் கேட்டுக்கொண்டபடி இதை எழுதுகிறேன். நடந்ததை அவரிடம் கன்னடத்தில் வாயால் சொல்லிவிட்டேன். எனக்குக் கன்னடம் பேச வரும், பிழையில்லாமல் எழுத வராது. பிழையோடு ஒரு பொருளைக் கையைவிட்டு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை என்பதால் தமிழில் எழுதுகிறேன். என் பெயர் முனிகிருஷ்ணன். அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். பீன்யாவில் வால்வு செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. தேறாத வால்வை எடுத்து ஓரமாகப் போடுவேன். அதற்காக யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

மகிழம்பூர் அரண்மனை என்பது வைட்ஃபீல்ட் தாண்டி, கம்பெனிக் கட்டடங்கள் முடிகிற இடத்தில், காந்தா மேடம் தன் மாந்தோப்பில் கட்டிய ஹோட்டல். மகிழம்பூர் என்று ஒரு பாளையம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவர் மனதிலிருந்து எடுத்தது. சனிக்கிழமை வாசலில் கைக்கடிகாரம், செல்போன், செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடுவார்கள். ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் நீங்கள் நீங்களில்லை. ஒருவர் ராஜா, ஒருவர் புலவர், ஒருவர் வரி கட்டாத மிராசுதார். தமிழிலோ கன்னடத்திலோ பேசலாம், இங்கிலீஷ் கூடாது. வேலைக்காரர்களும் அப்படித்தான். தண்ணீர் கேட்டால் ‘உத்தரவு பிரபு’ என்றுதான் பதில் வரும்.

நான் அங்கே தளவாய், ராஜாவுக்கு அடுத்த இடம். ராஜா வேடம் புதிது புதிதாக வருகிற விருந்தாளிகளுக்கு மாறி மாறிப் போகும், தளவாய் மட்டும் எப்போதும் நான்தான். சபையில் யார் எப்போது பேசுவது, எந்த வழக்கு எடுப்பது, யாருக்கு என்ன வேடம் என்பதையெல்லாம் காந்தா மேடம் என் பொறுப்பில் விட்டிருந்தார். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். தொழிற்சாலையில் நான் நுழைந்தால் என் ஷிப்ட் முடிகிற நேரம் ஆகிவிட்டதா என்று மணி பார்ப்பார்கள். இந்த வித்தியாசம் எனக்கு எவ்வளவு பெரியது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த இடம்தான் எனக்கு உயிர்.

பெர்னார்டும் அல்சூர்க்காரர்தான். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தவர். சிரித்த முகம். எங்களைப் போல அடிக்கடி போகிறவர்கள் சேர்ந்து ஒரு ரசிகர் குழு வைத்திருந்தோம். வாரம் முழுக்க இ-மெயிலில் சண்டை போடுவோம், மாதம் ஒரு தடவை அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து அதே சண்டையை நேரில் போடுவோம். ஏரிக்கரைக்கு பெர்னார்ட் பிளாஸ்கில் காபி கொண்டுவருவார். நல்ல காபி. எனக்கு ஒரு டம்ளர் கூடுதலாக ஊற்றுவார்.

சண்டை முதலில் அந்தக் காபியில்தான் ஆரம்பித்தது. அரண்மனையில் காலையில் மட்டும் காபி கொடுத்தால் என்ன என்று அவர் எழுதினார். கூடாது என்று நான் எழுதினேன். குழு இரண்டாகப் பிரிந்தது. காபிக் கட்சி, சுக்குக் கட்சி என்று பெயரே விழுந்துவிட்டது. இன்று காபி வரும், நாளைக்கு டிவி வரும், அதன்பிறகு அது சாதாரண ரிசார்ட் என்று நான் வாதாடினேன். காந்தா மேடம் என் பக்கம் நின்றார். பெர்னார்ட் தோல்வியைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டு, அடுத்த தடவை தலைப்பாகை மடிப்பில் காபித்தூள் பொட்டலத்தை ஒளித்துக்கொண்டு வந்தார். நான் அதைப் பெரிதாக்கவில்லை.

பிறகு வந்ததுதான் தலைப்பாகை விதி. ஒரு வெயில் நாளில், சபையில் நின்றிருந்த ஒரு பெண் மயங்கி விழுந்தார். நடிப்பென்று நினைத்து யாரும் தூக்கவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் பெர்னார்ட் விடவில்லை. வேடத்திலிருந்து வெளியே வர விரும்புகிறவர் தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வைக்க வேண்டும், பெண்களென்றால் தோளில் போட்டிருக்கிற சால்வையை. வைத்த உடனே அவர் விருந்தாளியாகிவிடுவார், வேலைக்காரர்கள் ஓடிவந்து என்ன வேண்டும் சார் என்று கேட்க வேண்டும். காந்தா மேடம் சரி என்றுவிட்டார். நான் எதிர்த்து எழுதியதை யாரும் முழுக்கப் படித்ததாகத் தெரியவில்லை.

நான் பயந்தது மார்ச் மாதத்தில் நடந்தது. உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. சபை கூடியிருக்கிறது, எல்லைத் தகராறு வழக்கு, நான் பேசிக்கொண்டிருக்கிறேன். புலவர் தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, காவலாள் உமேஷைப் பார்த்து, “ஸ்கோர் எஷ்டாய்த்து?” என்று கன்னடத்தில் ஸ்கோர் கேட்டார். பிறகு சேனாதிபதி கழற்றினார். பிறகு ராஜா. கொஞ்ச நேரத்தில் அந்தச் சபை முழுக்கத் தரையில் தலைப்பாகைகள் கிடந்தன, எல்லோரும் சமையற்கட்டு ரேடியோ பக்கம் போய்விட்டார்கள். நான் மட்டும் தலைப்பாகையோடு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதில், வாடகைப் பட்டில் நின்றுகொண்டு அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் ஆறுதல்.

இத்தனைக்கும் பிறகு பெர்னார்ட் இன்னும் ஒன்று கேட்டார். சபையில் ஒரு மின்சார மணி வேண்டும், அழுத்தினால் நர்ஸ் வர வேண்டும், மருந்து மாத்திரையை உள்ளே கொண்டுபோக விட வேண்டும். ஏரிக்கரையில் மற்றவர்கள் போன பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்.

“எனக்காகத்தான் கேக்கறேன் முனி. போன வருஷம் ஹார்ட்டுல அடைப்புன்னு சொல்லிட்டாங்க. நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை எப்பவும் கூடவே இருக்கணும். அத வாசல்ல புடுங்கி வெச்சுக்கறாங்கப்பா.”

“அப்ப வராம இருக்கலாமே” என்றேன்.

“வராம எப்டி இருக்கறது?” என்று சிரித்தார். அந்தப் பதில் எனக்குப் புரிந்தது. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மணி வைப்பதா வேண்டாமா என்பதை, அடுத்த தடவை சபை முடிந்து ஞாயிறு மதியச் சாப்பாட்டில் குழுவே முடிவு செய்யட்டும் என்று காந்தா மேடம் சொல்லிவிட்டார். பேசிப் பார்த்ததில் குழு பெர்னார்ட் பக்கம் சாய்ந்திருந்தது. மணி வந்துவிட்டால் மகிழம்பூர் முடிந்தது. சபைக்கு நடுவில் மின்சார மணி.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ராஜதுரோக வழக்கை எடுத்தேன். கைதி வேடத்தை பெர்னார்டுக்குக் கொடுத்தேன். சபையிலேயே அதிக வசனம் உள்ள வேடம் அதுதான், நெடுநாளாக அவர் ஆசைப்பட்டதும் கூட. நான் அவரைப் பழிவாங்கினேன் என்று குழுவில் சிலர் சொல்வதாகக் கேள்வி. பழிவாங்குகிறவன் நல்ல வேடத்தைக் கொடுப்பானா?

கைதிக்குக் கையைப் பின்னால் கட்டுவது வழக்கம். பெர்னார்டே அதைக் கேட்டார். “கையக் கட்டிட்டா தலைப்பாகைய எப்டிப்பா எடுக்கறது?”

“தலையை ஆட்டினா விழுந்துடும்” என்றேன். அது போதும் என்றார். அவருக்குத் தலைப்பாகை கட்டிவிட்டதும் நான்தான். சற்று இறுக்கமாகவே கட்டினேன். தளர்வாகக் கட்டினால் பார்க்க நன்றாக இருக்காது.

நான் நிரூபிக்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். வெளியே போக வழி இல்லாவிட்டால் மனிதர்கள் வேடத்தில் ஒழுங்காக இருப்பார்கள், இருந்து சந்தோஷப்படுவார்கள். பெர்னார்டே அதை அனுபவித்துப் பார்த்துவிட்டால், மதியச் சாப்பாட்டில் மணி வேண்டாம் என்று அவர் வாயாலேயே சொல்வார் என்று நம்பினேன்.

வெயில் ஏறியிருந்தது. சபையில் நல்ல கூட்டம். பெர்னார்ட் ஆரம்பத்தில் பிரமாதமாகப் பேசினார். நான் குற்றங்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது நடுவில் நிறுத்தினார். முகம் சாம்பல் பூத்தது. தலையை ஆட்டினார். தலைப்பாகை அசையவில்லை. மறுபடியும் ஆட்டினார், மாடு ஈ ஓட்டுகிற மாதிரி. கூட்டத்தில் கைதட்டினார்கள். கைதி வெறிபிடித்து ஆடுவதாக நினைத்தார்கள். கடைசியில் குனிந்து உதறினார். தலைப்பாகை விழுந்தது.

நான் இறங்கிப் போய் அதை எடுத்தேன். தூசி தட்டினேன். அவர் தலையில் திரும்ப வைத்து நேராக்கினேன். “துரோகியானாலும் இவன் மகிழம்பூரான். இவன் மானம் தரையில் கிடக்கக் கூடாது” என்றேன். அப்போதே தோன்றிய வசனம். சபை எழுந்து நின்று கைதட்டியது. இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு கைதட்டல் விழுந்ததில்லை.

பெர்னார்ட் என் காதருகில் சொன்னார். “முனி, நெஜமாவே வலிக்குதுப்பா.”

வேடத்தில் இருப்பவரை நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே பெரிய தவறு. குழுவில் இது விஷயமாக இரண்டு கட்சிகளும் ஒன்றுபட்டிருந்தன. “யார் அந்த முனி?” என்று சபையைப் பார்த்துக் கேட்டேன். சிரித்தார்கள்.

காவலாள் உமேஷ் ஓரடி முன்னால் வந்தான். “சார், இது நெஜம் மாதிரி இருக்குது சார். டாக்டர கூப்டலாமா?”

“இந்தப் பாளையத்தில் டாக்டர் என்று யாரும் இல்லை. வைத்தியரை அழைத்து வா” என்றேன்.

அன்றைக்கு வைத்தியர் வேடத்தில் இருந்தவன் கவின். திருப்பூர்ப் பையன், ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவன் கட்டியிருந்த கையைப் பிடித்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் நாடி பார்த்தான். “பித்தம் தலைக்கேறியிருக்கிறது பிரபு” என்றான். கூட்டம் ரசித்தது. அவன்மேல் வழக்கு எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் தன் வேடத்தைச் சரியாகச் செய்தான்.

பெர்னார்ட் மண்டியிட்டார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். தீர்ப்பு முடியாமல் சபையைக் கலைக்க முடியாது என்பதால் நான் தீர்ப்பை முழுக்கச் சொன்னேன். கொஞ்சம் நீளமான தீர்ப்பு. உமேஷ் முன்னால் வரப் பார்த்தபோதெல்லாம் கையைக் காட்டி நிறுத்தினேன். முடித்ததும் ஷில்பா என்கிற குழுப் பெண் ஓடிவந்து, பெர்னார்ட் அங்கிள் மாதிரி இத்தனை தத்ரூபமாக யாரும் செய்து பார்த்ததில்லை என்றாள். அப்போது அவர் இறந்து சற்று நேரம் ஆகியிருந்தது.

தலைப்பாகை மடிப்பில் மாத்திரை இருந்ததாக இன்ஸ்பெக்டர் சொன்னார். காபித்தூளை ஒளித்த அதே மடிப்பில். அது எனக்குத் தெரியாது. கட்டும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது, வழக்கம்போலக் காபித்தூள் என்று விட்டுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. அவர் நடிக்கவில்லை என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? வாயால் சொல்லும்போது, கடைசியில்தான் தெரிந்தது என்றேன். அது சரியல்ல. எழுத்தில் பிழை இருக்கக் கூடாது.

தலைப்பாகையைத் தரையிலிருந்து எடுத்தபோதே தெரியும். அது நனைந்திருந்தது. என் அப்பா மாரடைப்பில், ஆட்டோவில் என் மடியில் சாய்ந்தபடியே உயிர்விட்டவர். அவர் சட்டையில் இருந்தது இதே ஈரம்தான். வெயில் வேர்வை வெதுவெதுப்பாக இருக்கும். இது சில்லென்று இருக்கும். கையில் பட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் தூசி தட்டினேன், தெரிந்துதான் திரும்ப அவர் தலையில் வைத்தேன். வைக்காவிட்டால் விதிப்படி அவர் விருந்தாளியாகிவிடுவார், சபை கலைந்துவிடும், மதியம் மணி வந்துவிடும்.

அடக்கத்துக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பற்றியேதான் பேசுவார் என்று அழுதார். காபி கொடுத்தார்கள், குடித்தேன். அங்கேயே குழுவில் எல்லோரும் கூடிப் பேசி, மணி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். சுக்குக் கட்சியில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மணிக்கு அவர் பெயரையே வைக்கப்போகிறார்களாம். காலையில் காபியும் உண்டு என்று காந்தா மேடம் சொல்லிவிட்டார்.

பெர்னார்ட் பரம சாது, யாரிடமும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு விவாதத்தில் ஜெயிப்பதற்காக அவர் இவ்வளவு தூரம் போவார் என்று நான் நினைக்கவே இல்லை.