சின்னவன் பெட்டியிலிருந்து கழற்றியவை

ஓடுகிற பொருளைத் தூக்கி எறியும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் கம்ப்யூட்டர், மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அவனுக்குப் படிப்பு முடிந்து, கல்யாணம் முடிந்து, தலையில் வழுக்கையும் விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. காவல் நிலையத்திலிருந்து வீடு தேடி வந்து கேட்கிறீர்கள், முதலிலிருந்தே சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டரில் கார் பந்தயம் விளையாடத் தொடங்கினேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அதில் என்னை இழுத்துவிட்டவர் என் சம்பந்தி, மருமகளின் அப்பா. ஞாயிறுதோறும் லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வருவார். கூடத்தில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டு வீட்டாரும் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவருடையது புதிது. என்னுடையதில், வளைவைத் தாண்டிப் போன பிறகுதான் வளைவே திரையில் தெரியும். வாராவாரம் ஒரே சுவரில் மோதினேன்.

"சம்பந்தி, அந்தச் சுவர உங்க பேருக்கே எழுதி வாங்கிடுங்களேன்," என்பார்.

அதைப் பொறுத்துக்கொண்டேன். பெண் கொடுத்தவர்; இதிலாவது ஜெயித்துவிட்டுப் போகட்டும். பொறுக்க முடியாமல் போனது என் தம்பியைத்தான்.

அவனை வீட்டில் சின்னவன் என்போம். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன். நரம்பு நோய் வந்து கை போயிற்று, கால் போயிற்று, கடைசியில் பேச்சும் போயிற்று. கண் மட்டும் அசையும். பேச்சு போவதற்கு முன்பே அவனும் அவன் மனைவியுமாக உட்கார்ந்து அவன் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். உடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து நல்ல கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். அவன் கண் எந்த எழுத்தைப் பார்க்கிறது என்று அதன் கேமரா கவனிக்கும். வாக்கியம் முடிந்ததும் அவனுடைய பழைய குரலிலேயே சத்தமாகச் சொல்லும்.

அந்தக் குரலை அவன் எதற்குப் பயன்படுத்தினான் என்று பாருங்கள். நான் சுவரில் மோதியதும் கூடம் அமைதியாகிவிடும். சின்னவன் ஒவ்வோர் எழுத்தாகக் கண்ணால் பொறுக்குவான். எல்லாரும் மூச்சு விடாமல் காத்திருப்பார்கள். பிறகு கணீரென்று வரும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எங்கள் அண்ணன் ஓட்டி வரும் வண்டி சுவர் வழியாகத் திருப்பி விடப்பட்டுள்ளது."

சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அடுத்தடுத்த வாரங்களில் சம்பந்தி வரும்போதே, "சின்னவரே, இன்னிக்கு எத்தன வண்டி ரத்து?" என்று கேட்டுக்கொண்டுதான் செருப்பைக் கழற்றினார். தலைக்கு மூத்தவன் நான் உட்கார்ந்திருக்கும் கூடத்தில்.

அதற்காக நான் இதைச் செய்யவில்லை. அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை மேம்படுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் விசாரித்தேன். விவரமானவர். "பிராசஸர் தாங்கும் சார், அதுல கை வைக்காதீங்க. ராம் பத்தாது. ஹார்டு டிஸ்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்க. கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வேணும், அதத் தாங்கற பவர் சப்ளை வேணும். கைய கடிக்கும்னா செகண்ட் ஹேண்ட்ல பாருங்க. ஆனா தெரிஞ்ச இடமா பாருங்க," என்றார்.

நாங்கள் யாரிடமும் கையேந்தியதில்லை. மகனிடம் கேட்பதும் கையேந்துவதுதான். தெரிந்த இடம் என்று யோசித்தபோது அடுத்த அறை நினைவுக்கு வந்தது.

தம்பி மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். அளவு நாடாவோடு சின்னவன் அறைக்குப் போனேன். கார்டு நம் பெட்டிக்குள் அடங்குமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். பலர் இதைச் செய்யாமல் ஏமாறுகிறார்கள்.

"அண்ணா, என்ன தேடறீங்க?" என்றது அவன் குரல்.

"ஒண்ணுமில்லடா, உன் கார்டு நீளம் பாக்கறேன்."

அவன் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினான். திரையில் 'அண்ணா, வே' வரைக்கும் வந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பிறகு முறைப்படி கேட்டேன். "எடுத்துக்கட்டுமாடா?" ஒரு முறை இமைத்தால் சரி, இரண்டு முறை என்றால் வேண்டாம். அவன் நிறுத்தாமல் இமைத்துக்கொண்டே இருந்தான். அதற்கு எங்களுக்குள் எந்த ஏற்பாடும் இல்லை. தூசி விழுந்திருக்கும் என்று ஈரத்துணியால் கண்ணைத் துடைத்துவிட்டேன். அவனைக் கவனிப்பதில் நான் குறை வைத்ததில்லை.

ராம், கார்டு, பவர் சப்ளை, எஸ்எஸ்டி எல்லாம் ஒரு கீறல் விழாமல் வந்தன. ஆனால் எஸ்எஸ்டியில் விளையாட்டை ஏற்ற இடம் போதவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"உள்ள இருக்கறது வேணுமான்னு பாத்துட்டு அழிங்க சார். போனா வராது. உங்க பழைய ஹார்டு டிஸ்க் சும்மாதானே கெடக்கு, அதுல ஒரு காப்பி போட்டுக்கங்க."

பொறுப்புள்ளவன் என்பதால் பார்த்தேன். முழுக்க அவன் பதிந்து வைத்த குரல். "தண்ணி வேணும்." "வலிக்குது." "லைட்ட அணைச்சிடு." "அண்ணா, சாப்பிட்டீங்களா?" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தான், எதில் மரியாதை சரியாக வருகிறது என்று. எல்லாவற்றையும் கேட்டேன். நல்ல குரல், எங்கள் வம்சத்துக்கே உண்டு. அப்பேர்ப்பட்ட குரலைத் தேய்ந்துபோன ஹார்டு டிஸ்கில் போட்டு வைப்பது அவனுக்கு மரியாதையாக இருக்காது என்று பட்டது. நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று திரை கேட்டது. ஒரு தடவை தீர்மானித்ததை மாற்றுகிறவன் நான் இல்லை.

தம்பி மனைவியிடம் கம்ப்யூட்டர் சர்வீசில் இருக்கிறது என்றேன். அதுவும் பொய்யில்லை. பெரும்பகுதி அடுத்த அறையில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்னவனின் சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் விட்டேன். வளைவுகள் வருவதற்கு முன்பே தெரிந்தன. சம்பந்தியை வெகுதூரம் பின்னால் விட்டு ஜெயித்தேன்.

"சின்னவரே, எங்க, அறிவிப்ப காணோம்?" என்றார் அவர்.

எல்லாரும் அவனைப் பார்த்துக் காத்திருந்தார்கள். திருட்டுப் பொருளை வைத்து ஜெயித்தேன் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. அதனால் நானே எழுந்து, எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று விளக்கமாகச் சொன்னேன்.

தம்பி மனைவி, "அவரு குரல் எங்க மாமா?" என்றாள்.

"இடம் பத்தலம்மா."

சம்பந்தி லேப்டாப்பை மூடினார். போட்ட காபியைத் தொடாமல், மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தோல்வியைத் தாங்கும் பக்குவம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அன்று மாலை தம்பி மனைவி உங்களிடம் வந்து புகார் கொடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து காவல் நிலையத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். இந்தக் குடும்பத்துக்கு ஏற்பட்ட அவமானம் அது ஒன்றுதான்.

நீங்கள் என்ன குற்றம் என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு என்று மட்டும் எழுத வேண்டாம். அடுத்த அறையில்தான் இருக்கிறான். நீங்களே போய்க் கேளுங்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல மாட்டான்.